மேலே போன மழைக்கணக்கு

மழை பெய்த மறுநாள் திருச்சிப் பதிப்புச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். கல்லக்குடி, லால்குடி, புள்ளம்பாடி, சமயபுரம், வாத்தலை அணைக்கட்டு, மணப்பாறை, மருங்காபுரி, முசிறி, புலிவலம், தாத்தையங்கார்பேட்டை, துவாக்குடி, கொப்பம்பட்டி, தென்பரநாடு, துறையூர், பொன்மலை என்று ஊர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மில்லிமீட்டரில் ஒரு எண். அன்று காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் அந்த ஊர் மழைமானியில் விழுந்த மழை அது. உப்பிலியபுரத்தில் அந்தப் பட்டியலை ராசிபலனுக்கு முன்னால் படிக்கிறவர்கள் உண்டு. ஆனால் உப்பிலியபுரம் அதில் இருக்காது. கொப்பம்பட்டியின் எண்ணைப் பார்த்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ, எங்கள் மழையை நாங்களே தீர்மானித்துக்கொள்வோம்.

மழையை அளப்பது இந்த மாவட்டத்துக்கு மிகப் பழைய பழக்கம். மழை வருமா வராதா என்று சர்க்கார் சொல்வது அதற்கு வெகு பிறகு வந்தது. அதையும் எங்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தது நேற்று முன்தினம் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிருந்து கணக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. மேலேயிருந்து சொல் கீழே இறங்கி வர நாளாயிற்று. நான் அந்தக் கணக்கை மேலே அனுப்பும் வேலையில் இருந்தவள். தபால் தந்தி இலாகாவில், எங்கள் பக்கத்து ஊரொன்றின் அலுவலகத்தில், மோர்ஸ் கட்டையைத் தட்டிச் சம்பளம் வாங்கினேன். கல்யாணத் தந்தி, சாவுத் தந்தி, மணியார்டர்த் தந்தி இவற்றோடு மழைத் தந்தியும் என் கை வழியாகப் போயிருக்கிறது.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உப்பிலியபுரம் துறையூர் தாலுகாவில் இரண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. கிழக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை. சோபனாபுரத்தைத் தாண்டினால் பச்சைமலைச் சாலை டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும். மேற்கே போனால் கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை. மலைமேல் ஆகாயகங்கையாக விழும் ஐயாறு இந்தப் பக்கம் இறங்கித்தான் எங்கள் நிலத்தைத் தொடுகிறது. கொல்லிமலையின் மேல்தளம் ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே பெய்த மழை இங்கே பெய்யாமலே எங்கள் ஓடையில் வரும். இங்கே கொட்டும்போது மேலே வெயில் அடிக்கும். ஆவணி, புரட்டாசியில் பொழுது சாயும் நேரம் மேற்கே கருக்கும், இடியோடு ஒரு பாட்டம் அடித்துவிட்டு ராத்திரிக்குள் தெளிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து, கடலில் கிளம்பிப் பச்சைமலையைத் தாண்டி வரும். அது நின்று பெய்கிற மழை.

பயிர் சின்ன வெங்காயம், பருத்தி, கடலை, சோளம். ஏரிப் பாசனத்தில் நெல். இவற்றில் வானத்துக்கு அதிகம் பயப்படுவது வெங்காயம்தான். காயில் ஈரம் நின்றால் அழுகும். தொடர்ந்து மூடாக்குப் போட்டு ஈரக்காற்று அடித்தால் தாள் முறுக்கிக்கொண்டு, கோழிக்கால் நோய் என்று நாங்கள் சொல்வது வந்து சேரும். பிடுங்கி, வயலில் காய வைத்து, தாள் அறுத்துப் பட்டறை போடுகிற வரைக்கும் மூன்று நாலு நாள் வெயில் வேண்டும். வெங்காயக்காரருக்குத் தேவையான வானிலை அறிக்கை அவ்வளவுதான்: அடுத்த மூன்று நாலு நாள் எப்படி? வருஷம் முழுக்க என்ன ஆகும் என்று சொல்ல ஆள் இருந்தது. இந்த நிமிஷம் என்ன என்பதை மேகமே சொல்லிவிடும். நடுவில் இருக்கிற அந்த நாலு நாளைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

வருஷத்தைச் சொன்னது பஞ்சாங்கம். சித்திரை முதல் நாள் கோயிலில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த வருஷத்துக்கு ராஜா யார், மந்திரி யார், மழைக்கு அதிபதியான மேகாதிபதி எந்தக் கிரகம், எத்தனை மரக்கால் மழை என்று வரும். பெய்வதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, பூமிக்கு இத்தனை என்று பாகமும் பிரித்திருக்கும். பூமியின் பங்கு எப்போதும் குறைச்சலாக இருப்பதால் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முகம் சுருங்கும். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் மலைப் பங்கும் தங்களுக்குத்தான் என்று தைரியமாக இருப்பார்கள். ஸ்ரீரங்கம் கோயில் பேரில் வரும் வாக்கியப் பஞ்சாங்கமும், கடைகளில் தொங்கும் பாம்புப் பஞ்சாங்கமும் எங்கள் பக்கம் இன்றும் விற்கின்றன.

பஞ்சாங்கத்தை விடவும் உழவர்கள் மதித்தது கர்ப்போட்டத்தை. மார்கழி பாதிக்கு மேல், சூரியன் பூராடத்தைக் கடக்கும் சுமார் பதினான்கு நாளில் வானம் கருக்கொள்கிறது என்பது கணக்கு. எந்த நாள் மேகம் கட்டியது, எந்த நாள் தூறியது, எந்தப் பக்கக் காற்று என்று குறித்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஈடான நாள்களில் அடுத்த பருவத்தில் மழை இறங்க வேண்டும். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மேகம் கருக்கொண்டு 195 நாள் கழித்து மழையாகப் பிறக்கும் என்று இருக்கிறது. மார்கழிக் கடைசியோடு 195 நாளைக் கூட்டினால் ஆடிப்பட்டத்தின் வாசலில் கொண்டுபோய் விடும். விதைக்கிறவனுக்குத் தேவையான தேதி அதுதானே.

என் அப்பாயி கர்ப்போட்டத்தைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பார். மழை பெய்த மறுநாள் வயலுக்குப் போய்க் குச்சியால் மண்ணைக் குத்திப் பார்த்து, 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று சொல்வார். ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எத்தனை சால் ஓட்டப் பதம் இருக்கிறது என்கிற அளவு அது. வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை மழைமானி சொல்லும். மண் எவ்வளவு குடித்தது என்பதை அது சொல்லாது. கரிசலில் ஒரு உழவுக்கு வேண்டிய மழை வேறு, செம்மண்ணில் வேறு. அந்த அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கர்ப்போட்டத்தில் எனக்குள்ள மனக்குறை வேறு. பலித்த வருஷத்தை ஊர் பத்து வருஷம் பேசும்; பலிக்காத வருஷத்தின் கோட்டைப் பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்பு மூடிவிடும். தவறியதை எழுதி வைக்கும் பழக்கம் அதில் இல்லை.

எழுதி வைக்கும் பழக்கம் சென்னையில் ஆரம்பித்தது, வேறு எதற்காகவோ. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மைக்கேல் டாப்பிங் திட்டம் போட்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழும்பியது. கரையோரம் கப்பல் ஓட்ட வரைபடம் வேண்டும், அதற்குத் தீர்க்கரேகை சரியாக வேண்டும், அதற்கு நட்சத்திரம் பார்க்க வேண்டும். முதல் நோக்கம் அது. முதல் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 1796 முதல் வெப்பம், காற்றழுத்தம், மழை என்று குறித்து வைக்கத் தொடங்கியது உபரி வேலை. அந்த இடத்தில்தான் இன்றைய மண்டல வானிலை ஆய்வு மையம் நிற்கிறது. கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூணும் அங்கே இருக்கிறது. தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, லத்தீன் என்று நாலு மொழியில் எழுத்து வெட்டிய தூண். தமிழில் வானிலை சொல்ல அந்த வளாகத்துக்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

குறித்து வைப்பது முன்னறிவிப்பாக மாறத் தந்தி வேண்டியிருந்தது. நான் அந்த இலாகாக்காரி என்பதால் பெருமையடிக்கவில்லை. புயல் மணிக்குப் பத்துப் பதினைந்து மைல் நகர்கிறது. குதிரைத் தபால் அதற்கு முன்னால் போகும், ஆனால் போதுமான அளவு முன்னால் போகாது. நூறு ஊர்களின் காற்றழுத்தம் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்கு வந்தால்தான் வரைபடம் போடலாம். இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1855இல். இங்கிலாந்தில் அட்மிரல் ஃபிட்ஸ்ராய் தந்தியை வைத்துச் செய்தித்தாளுக்கு வானிலை முன்னறிவிப்புக் கொடுத்தது 1861இல். 1864 அக்டோபரில் கல்கத்தாவையும், அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தையும் புயல் அழித்தது. மறுவருஷமே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1886க்குள் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஏற்றுகிற புயல் கூண்டின் கதை இதுதான். அந்தக் கூண்டு கப்பலைப் பார்த்துப் பேசியது.

கப்பலுக்கு அடுத்து கஜானா. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. ஹென்றி பிளான்ஃபோர்ட் அதன் முதல் அதிகாரி. மறுவருஷம் சென்னை மாகாணத்தில் இரண்டு பருவமழையும் தவறியது. தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் பாட்டன் பூட்டன் பேர் வைத்தது அதற்குத்தான். 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்து லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அடுத்த பஞ்சத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா என்று அரசாங்கம் கேட்டது. நிலவரி எவ்வளவு தள்ளுபடி ஆகும், நிவாரண வேலைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது அதன் கவலை. இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்த பருவமழை குறையும் என்று கணித்து, பிளான்ஃபோர்ட் 1886 முதல் முறைப்படி பருவமழை முன்னறிவிப்புக் கொடுத்தார்.

அது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக்கு. நாட்டுக்கு அதுதான் மழைக்காலம். தமிழ்நாட்டுக்கோ வருஷத்து மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் விழுவது. தேசத்துக்கு நல்ல மழை என்று மேலேயிருந்து சொன்னால் துறையூர் ஏரி நிறையும் என்று அர்த்தமில்லை. பல சமயம் எதிர்மாறாகவே நடக்கும். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வருஷங்களில் வடக்கே பருவமழை இளைத்துப் போவதும், எங்கள் ஐப்பசி மழை தடித்து வருவதும் பெரும்பாலும் காண்கிற வழக்கம். 2015 எல் நினோ வருஷம். அந்த டிசம்பர் முதல் தேதியில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது.

இந்த முடிச்சின் முதல் இழையைப் பிடித்தவருக்குத் தமிழ்நாட்டோடு வேறொரு சம்பந்தமும் உண்டு. 1899இல் துறை நல்ல மழை என்று சொல்லியிருக்க, நாடு பஞ்சத்தில் விழுந்தது. அதன்பின் சில வருஷம் முன்னறிவிப்பை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார்கள். 1904இல் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜ் கணக்கு மேதை. உலகம் முழுவதும் சேர்ந்திருந்த அழுத்தக் கணக்கையும் மழைக் கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வைத்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குவதும், இங்கே ஏறினால் அங்கே இறங்குவதுமான ஊசலை அதில் கண்டுபிடித்துத் தெற்கு அலைவு என்று பேர் கொடுத்தார். 1913இல் அவர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது அங்கே குமாஸ்தாவாக இருந்த கும்பகோணத்து ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார்கள். அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர்களில் இந்த மழைக்கணக்கரும் ஒருவர்.

வாக்கர் கையாண்ட எண்கள் எங்கிருந்து போயின? தாலுகா கச்சேரிகளிலிருந்து. துறையூர்ப் பகுதி அப்போது முசிறி தாலுகாவில் சேர்த்தி. வருவாய்த் துறைக்கு மழைக்கணக்கு இல்லாமல் வரித் தள்ளுபடி எழுத முடியாது. ஆகவே கச்சேரி வளாகத்தில் மழைமானி இருக்கும். மழைமானி என்றால் பெரிய இயந்திரமில்லை. தரையில் பதித்த உருளை, மேலே புனல், உள்ளே குப்பி, பக்கத்தில் அளவுக் கண்ணாடி. காலையில் கச்சேரிச் சிப்பந்தி ஒருவர் குப்பியை எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் படிப்பார். ஒரு காலத்தில் இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட் என்று எழுதினார்கள். பிறகு மில்லிமீட்டர் வந்தது. நேற்று மாலை பெய்தது இன்றைய தேதியில் பதியும். இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால்தான் அது மழை நாள். அதற்குக் கீழே துணி நனைந்தாலும் மழை நாளில்லை.

இப்படிப் பதிந்தது கலெக்டருக்குப் போகும். வாராவாரம் மாவட்ட நிலவர அறிக்கையாகக் கெஜட்டில் ஏறும். கனமழையென்றால் தந்தியில் வானிலைத் துறைக்குப் போகும். அந்தத் தந்திகள்தான் என் மேசைக்கு வந்தவை. மற்றத் தந்திகளில் மனுஷர் வாசனை இருக்கும். இது வெறும் எண். யார் பேருக்கும் இல்லாத, யாரும் பதில் எதிர்பார்க்காத தந்தி. ஆனாலும் முந்திப் போக வேண்டியது. வரிசையில் நிற்கிறவர்கள், 'ஏம்மா, மழ பேஞ்சது மெட்ராசுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? எங்க தந்திய அனுப்பும்மா' என்பார்கள்.

அப்பாயி ஒருதரம் அதைவிட நறுக்கென்று கேட்டார். வெங்காயம் பிடுங்கும் பருவம். நான் வீட்டுக்கு வந்ததும், 'ஏஞ் சாமி, நம்ம மழயத் தெனமும் மெட்ராசுக்கு அனுப்புறியே, அவுங்க நமக்கு என்னத்தத் திருப்பி அனுப்புறாங்க? நாளைக்கிப் புடுங்கலாமா வேணாமான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லக்கூடாதா?' என்றார். கேட்டுச் சொல்ல வழியில்லை. தந்தியில் மழை மேலே போகும் பாதைக்கு எண்ணும் முறையும் இருந்தன. கீழே வரும் பாதைக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

முழுக்க இல்லை என்று சொன்னால் வானொலிக்குத் துரோகம். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. 1932இல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு ஒன்றை எல்.ஏ. ராமதாஸ் தொடங்கியிருந்தார். அவர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருக்காது, அதற்குச் சற்று மேலேதான் இருக்கும் என்று அளந்து காட்டி உலகத்து அறிஞர்களைத் திகைக்க வைத்தவர். பயிர் நிற்கிற உயரத்தில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்த முதல் வானிலைக்காரர் அவர்தான் என்பேன். 1945இல் உழவர்களுக்கான வானிலை அறிக்கையை வானொலியில் வாசிக்கும் ஏற்பாடு வந்தது. சென்னை மண்டல மையம் அமைந்ததும் அதே வருஷம்தான்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அது பஞ்சாயத்து போர்டு ரேடியோ வழியாக வந்தது. பூட்டிய பெட்டிக்குள் ரேடியோ, கூரையில் ஒலிபெருக்கி. பொழுது சாய்ந்ததும் ஒருவர் வந்து திறந்து வைப்பார். விவசாய நிகழ்ச்சியின் செல்வாக்கு எத்தகையது என்பதற்குத் தஞ்சாவூரில் ஒரு சாட்சி உண்டு. 1960களின் நடுவில் வந்த ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலி பரப்பிய விதத்தில் ஜனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்தார்கள். நெல்லைப் பரப்ப முடிந்த வானொலியால் மழையை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. வட தமிழகம், தென் தமிழகம் என்று இரண்டே துண்டு. நாங்கள் எந்தத் துண்டில் சேர்த்தி என்பதே டீக்கடையில் விவாதம். அறிக்கையில் மழை என்றால் வெங்காயத்தைப் பிடுங்குவதா, நிறுத்துவதா என்பது முடிவாகாது. ஆனால் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு வரி வந்தால் எல்லாரும் கிழக்கே பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வரி பஞ்சாங்கத்தில் கிடையாது.

1977 நவம்பர் 12, சனிக்கிழமை. தீபாவளி முடிந்த கை. அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரை ஏறிய புயல் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களைக் குறுக்கே உழுதுகொண்டு மேற்கே போனது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். திருச்சி நகரத்தில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தன. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஊரில் புயலாவது என்று இருந்தவர்கள் ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகங்களுக்குக் கூண்டு ஏறியிருந்தது. கப்பல்களுக்குத் தெரிந்தது. உள்நாட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன கூண்டு? அன்று என் கட்டையில் தட்டினால் மறுமுனை பேசவில்லை. கம்பி எங்கோ அறுந்து கிடந்தது. மழை அதிகம் பெய்கிற நாளில்தான் மழைக்கணக்கு மேலே போக முடியாது என்பது அந்த அமைப்பின் கோணல். சரியாக ஒரு வாரம் கழித்து, அடுத்த சனிக்கிழமை, ஆந்திராவின் திவிசீமையில் இதைவிடக் கொடிய புயல் ஏறி ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது.

அந்த நவம்பருக்குப் பின் கம்பியை நம்புவது குறைந்தது. 1983இல் இன்சாட் 1பி மேலே போனது. 1980களின் நடுவில் தமிழகக் கரையோரத்திலும் ஆந்திரக் கரையோரத்திலும் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கை வாங்கும் கருவிகளை வைத்தார்கள். 2002இல் சென்னையில் டாப்ளர் ரேடார் வந்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் மழைத் தந்திக்காக இல்லை. அது அதற்கு முன்பே வேறு வழி பார்த்துக்கொண்டது.

இடையில் முன்னறிவிப்புக்கு ஒரு முகம் கிடைத்தது. சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் வந்து, நிதானமான தமிழில், எந்த மாவட்டங்களில் எவ்வளவு என்று சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லீவுக்காக அவர் வாயைப் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றபோது சினிமா நடிகர் ஒதுங்கியதைப் போல் பேசிக்கொண்டார்கள். 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்பதைக் கேலி செய்யாதவர் இல்லை. அது நழுவல் பேச்சு இல்லை, கணக்கு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை நனைந்தால் ஓரிரு இடம், பாதி வரை போனால் சில இடம், முக்கால் வரை பல இடம், அதற்கு மேல் பெரும்பாலான இடம். கனமழை என்பதற்கும் கோடு உண்டு: ஏழு செ.மீ.யில் தொடங்கும், பன்னிரண்டைத் தொட்டால் மிக கனமழை, இருபதைத் தாண்டினால் அதிகனமழை. அதாவது முன்னறிவிப்பின் சரி தப்பை முடிவு செய்வது மழைமானி இருக்கிற ஊர்கள். உப்பிலியபுரத்தில் மட்டும் கொட்டித் தீர்த்தால் அறிக்கை சரியா தப்பா என்ற கணக்கில் அது வராமலே போகும்.

அப்பாயி கேட்ட நாலு நாள் கடைசியில் வந்து சேர்ந்தது. 1988இல் டெல்லியில் நடுத்தர கால முன்னறிவிப்புக்கென்று ஒரு மையம் வைத்துப் பெரிய கணினி கொண்டுவந்தார்கள். அது விவசாயிக்காகவே வாங்கியது. இன்று வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், அடுத்த ஐந்து நாளுக்கு மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம் எல்லாம் போட்டு அறிக்கை விடுகிறார்கள். கூடவே மருந்து அடிக்கலாமா, அறுக்கலாமா என்று யோசனையும் வரும். எங்கள் மாவட்டத்துக்குச் சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அறிக்கையைத்தான் ஊரில் அதிகம் பார்க்கிறார்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வெறும் வெயில் என்று போட்டிருந்தால் வெள்ளி மாலையே ஆள் சொல்லிவிடுகிறார்கள், சனிக்கிழமை விடிகாலையில் பிடுங்க ஆரம்பிக்கிறார்கள்.

வார இறுதி என்ற பேச்சே எங்கள் பக்கத்துக்குப் புதுசு. புளியஞ்சோலைக்குக் காரிலும் பைக்கிலும் ஆள்கள் வர ஆரம்பித்த பிறகு வந்தது அது. விவசாயிக்கு ஏது ஞாயிறு? வருகிறவர்கள் உப்பிலியபுரத்தில் வெயில் அடிப்பதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போகிறார்கள். மழை கொல்லிமலை மேலே பெய்திருக்கும், தண்ணீர் சற்று நேரத்தில் இறங்கிவிடும். வனத்துறை குளிக்கத் தடை போடும்போது, வெயிலடிக்கிற நாளில் என்ன தடை என்று சண்டைக்கு நிற்கிறவர்கள் உண்டு. சுற்றுலாக்காரருக்கு வேண்டிய முன்னறிவிப்பு அடிவாரத்தினுடையது இல்லை, மலைத்தளத்தினுடையது. இடியும் அப்படித்தான். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கிச் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயலில் நிற்கிறவர்கள். இப்போது தாமினி என்ற செயலி சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் கைபேசியில் காட்டுகிறது. புரட்டாசி மாலையில் களையெடுக்கிற பெண்களில் ஒருத்தியிடமாவது அது இருக்கிறது.

இன்னும் தீராதது மலை. கணினி நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. நேற்று வரை ஒரு கட்டம் 12 கிலோமீட்டர், அதாவது 144 சதுர கிலோமீட்டருக்கு ஒரே மழை. கொல்லிமலை முகடும் எங்கள் வெங்காய வயலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு எண் வரும், அது இரண்டுக்குமே பொருந்தாது. 2025 மே மாதம் வந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் கட்டம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. 36 சதுர கிலோமீட்டர். மலையும் அடிவாரமும் இனித் தனித்தனியாக விழ வாய்ப்பு உண்டு. ஆனால் கணினி போட்டது சரியா என்று பார்க்க அந்தக் கட்டத்துக்குள் ஒரு மழைமானி வேண்டும். மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகள் வைக்கும் வேலையை எடுத்திருக்கிறது. அதில் ஒன்று உப்பிலியபுரத்துக்கு வர வேண்டும் என்று மனுக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்றும் கேட்கிறேன். துறையூர், முசிறி மழைமானிகளில் தலைமுறை தலைமுறையாகச் சிப்பந்திகள் படித்து எழுதிய எண்கள் சென்னையிலும் பூனாவிலும் இருக்கின்றன. வாக்கரின் கணக்குக்கும் இன்றைய கணினியின் கணக்குக்கும் அவைதான் அரிசி. அவற்றை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. எந்த ஐப்பசியில் எவ்வளவு, எந்த வருஷம் பொய்த்தது, எந்த வருஷம் மிஞ்சியது என்று பேரூராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். அதன் கீழே வெள்ளிக்கிழமைதோறும் வரும் அறிக்கையை ஒட்டட்டும். அதற்குப் பக்கத்திலேயே, முந்தின வெள்ளி சொன்னதற்கு எவ்வளவு பெய்தது என்பதையும் எழுதட்டும். சொன்னவர் தவறினாரா இல்லையா என்று நிலத்துக்காரரே பார்த்துக்கொள்வார், எந்த அளவுக்கு நம்பிப் பிடுங்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்வார்.